பார்வைக்கு

விரல் மாஸ்டர் காலமாகிவிட்டார் என்ற செய்தி போன தை மாதம் பள்ளிக்கூடப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். இரண்டு நாள் கழித்து நினைவு மலர் போடும் குழுவிலிருந்து ஒரு தம்பி அழைத்து, "அண்ணை, அவரைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும்" என்றார். ஏன் நான் என்று கேட்கவில்லை. என் பட்டப்பெயர் அவருக்கும் தெரிந்திருக்கும்.

இலங்கையில் அந்தப் பள்ளிக்கூட விடுதியில் இருந்தவர்களுக்கு 1974 மறக்காது. பாணுக்கு விடியமுன்னமே வரிசை. மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியதால் ஊர்த் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. நமது விடுதியும் கிணற்றடிக் காணியில் மிளகாய் வைத்தது. ஆளுக்கு ஒரு வரிசை. பின்னேர மணி அடித்தால் வாளி. படிக்க அனுப்பிய பிள்ளை வாளி தூக்குவதா என்று அப்பாவுக்கு மனவருத்தம். "இயேசுவே தச்சன்தான் ஐயா" என்று சிரித்து அனுப்பிவிட்டார் மாஸ்டர்.

ஒருநாள் மைதானத்தில் கால்பந்து. நாலு வாளியில் வேலையை முடித்தேன். தண்ணீரை இலைமேல் வீசி அடித்தால் கன்று பளபளவென்று நிற்கும், செம்மண் மேலே கறுத்துவிடும். எட்ட நின்று பார்ப்பவருக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

மறுநாள் காலை ஜெபத்தில் மாஸ்டர் மேடையேறி ஆள்காட்டி விரலை உயர்த்தினார். இரண்டாம் மூட்டுவரை காய்ந்த செம்மண். வரும் வழியில் பாத்தியில் விட்டுப் பார்த்திருக்கிறார். "ஆரின்ர வரிசை?" என்றார். நெற்றியில் திருநீற்றோடு எழும்பினேன். வேதாகமத்தைக் கையில் தந்து கொலோசெயர் 3:22 வாசிக்கச் சொன்னார். நிருபத்தின் பெயரிலேயே நாக்குப் புரண்டது. ஒரே சிரிப்பு. "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" என்ற இடம் வந்ததும், "அதை இன்னொருக்கா" என்றார். மூன்று தரம் வாசித்தேன்.

அதோடு என் சொந்தப் பெயர் போயிற்று. போன வருடம்கூட கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்தில், பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த ஒருவர் "டேய் பார்வைக்கு!" என்று கத்தினார்.

வேதம் வாசித்த அன்று பின்னேரம் கிணற்றடிக்குப் போனால், மாஸ்டர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் அள்ள, நான் ஊற்றினேன். கடைசியில் மட்டும் வாய் திறந்தார்: "மேலால நனைச்சா வேரும் மேலதான் நிக்கும் தம்பி. ஒரு வெயிலுக்குச் சரிஞ்சுபோம்." (இதை வைத்துப் புலம்பெயர்ந்தவனின் வேர் என்று நான் தொடங்கப்போவதில்லை. அதற்கு மலரில் கவிதைப் பக்கம் இருக்கிறது.) வீட்டில் சொன்னபோது அம்மா, "செய்வன திருந்தச் செய் எண்டு ஔவை சொன்னதுதானே, இதுக்கு ஏன் வேதம்?" என்றா. சரிதான். ஆனால் ஔவையார் விடியக்காலையில் வந்து மண்ணுக்குள் விரல் விட்டுப் பார்த்ததில்லை.

1986இல் கனடா. ஒரு குளிர்க் களஞ்சியத்தில் இரவு வேலை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உள்ளே போய் வெப்பமானியைப் பார்த்து எழுதவேண்டும். மற்றப் பெடியங்கள் விடியும்வரைக்குமான கட்டங்களில் மைனஸ் 18 என்று ஒரேயடியாக எழுதிவிட்டுச் சாய்ந்துவிடுவார்கள். நான் ஒவ்வொரு தரமும் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். "உமக்கு ஆர் மெடல் குத்தப்போறான்?" என்றான் ஒருவன். மெடல் வரவில்லை, மேலதிக இரவுகள் வந்தன. 22 வருடம்.

அந்த வசனம் அடிமைகளுக்குச் சொன்னது என்பது பிறகுதான் தெரிந்தது. தமிழில் 'வேலைக்காரரே' என்று மரியாதையாக இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அடிமை என்ற சொல்தானாம். பல்கலைக்கழகத்தில் படித்த மகள் சொன்னாள். மாக்ஸ் வேபர் என்ற ஜேர்மன்காரர் 1904, 1905இலேயே, புரொட்டஸ்தாந்துக்காரரின் இந்த உழைப்புப் பக்திதான் முதலாளித்துவ மனப்பான்மைக்குத் துணை நின்றது என்று எழுதிவிட்டாராம். "முதலாளித்துவம் வளர்ந்தது உண்மைதான் பிள்ளை, என்ர இல்லை" என்றேன். ஆனாலும் ஒரு இரவுகூடப் பார்க்காமல் இலக்கம் எழுதவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு திமிர் உண்டு.

2003இல், போர் நிறுத்தத்தால் வடக்குக்குப் போகும் ஏ9 பாதை திறந்திருந்தபோது ஊருக்குப் போனேன். மாஸ்டர் வீட்டுக்கும் போனேன். ஒரு சொக்லேற் பெட்டி, சேர்ந்து நின்று ஒரு படம். "இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்" என்றார். வெளியே வான்காரன் ஹோர்ன் அடித்தான். இன்னும் நாலு வீடு பாக்கி. பத்து நிமிடத்தில் எழும்பிவிட்டேன். படலைவரை கூட வந்தார். அங்கே ஒரு குரோட்டன் சாடி. கதைத்துக்கொண்டே குனிந்து மண்ணுக்குள் விரலை விட்டார். என்னைப் பார்க்கவில்லை. "போட்டு வா" என்றார்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. போயிருக்கலாம், லீவு இருந்தது. அந்தப் படத்தைத்தான் செய்தி வந்த அன்று குழுவில் போட்டேன். நிறையப் பேர் நன்றி சொன்னார்கள்.

நினைவுக் கல்லுக்குச் சங்கம் பணம் கேட்டது. அனுப்பிவிட்டு, மலரில் என் பெயர் போடவேண்டாம் என்று செயலாளரிடம் சொன்னேன். இதை இங்கே எழுதியதால் அதுவும் கெட்டுப்போயிற்று, தெரியும்.