மேசன் வேலை பழகப் போகிறீர்களா? தையில் சேருங்கள்

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் வீட்டில் "இனி என்ன?" என்ற பேச்சு தொடங்கும். கணிதம் தவறியிருந்தால் கொஞ்சம் பலமாகவே தொடங்கும். அந்த நேரத்தில் மேசன் வேலை பழகலாமா என்று யோசிக்கிற தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். நான் பயிலுநராக இருந்தது திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் கட்டிடத்திலும், பிறகு உவர்மலையில் ஒரு வீட்டு வேலையிலும். என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமையில் 4ஆம் மட்டம் எடுத்திருக்கிறேன். ஆகவே நான் சொல்வது பெரும்பாலும் கொத்து வேலையைப் பற்றித்தான். கம்பி கட்டுபவர், ஓடாவி, குழாய் வேலை செய்பவர் எல்லோருக்கும் நடைமுறை கிட்டத்தட்ட இதேதான்.

வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் நைட்டா என்று சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அதன் வழியாகப் போனால் ஒரு வேலைத்தலத்தோடு ஒப்பந்தம் எழுதி, வேலை செய்துகொண்டே பழகலாம். வகுப்பில் இருந்து படிக்க விரும்பினால் தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையங்களும் நகரத்தில் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. எந்த வழியால் போனாலும் கடைசியில் கிடைப்பது ஒரே என்.வி.கியூ சான்றிதழ்தான். ஒருவர் மேற்பார்க்கச் செய்யக்கூடியவருக்கு 3, தனியாக நின்று செய்யக்கூடியவருக்கு 4. அதற்கு மேல் 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். ஏற்கெனவே பல வருடம் மேசன் கரண்டி பிடித்தவர் திரும்பப் பயிற்சிக்குப் போகத் தேவையில்லை. முன் அனுபவத்தைக் காட்டி நேரே மதிப்பீட்டுக்குப் போகலாம். இது நம் ஊரில் பல மேசன்மாருக்கே தெரியாது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு சித்தப்பா இருந்தால் சொல்லிவிடுங்கள்.

எப்போது சேர்வது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. திருகோணமலையில் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை இழுக்கும். அந்த மாதங்களில் வெட்டிய அத்திவாரக் கிடங்கு கிணறாகிவிடும். அதனால் புது வேலை பெரும்பாலும் பொங்கலுக்குப் பிறகுதான் தொடங்கும். தை, மாசியில் சேர்ந்தவர் நூல் பிடித்து மூலை போடுவதிலிருந்து பார்ப்பார். அத்திவாரம், தூண், சுவர், ஸ்லாப் எல்லாம் வெயிலோடு முடிந்து, திரும்ப மழை வரும்போது உள் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் வந்திருப்பார். புரட்டாதியில் சேர்ந்தவர் பூச்சு வேலைக்குக் கலவை சுமந்தே பாதிக் காலத்தைக் கழிப்பார், அத்திவாரத்தைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார். மதிப்பீட்டில் அதையும் கேட்பார்கள்.

அடுத்தது எங்கே சேர்வது. பெரிய ஹோட்டல் வேலை என்றால் தொப்பி, சப்பாத்து, பாதுகாப்பு அதிகாரி, கொங்கிறீட் சோதனை எல்லாம் இருக்கும். ஆனால் அங்கே பயிலுநர் ஒரே வேலையில் மாட்டிக்கொள்வார். புளொக் கட்டு என்றால் புளொக் கட்டுத்தான், மாதக்கணக்கில். வீட்டு வேலையில் நாலு பேர்தான் நிற்பார்கள். அங்கே எல்லாவற்றிலும் கை வைக்க முடியும், ஆனால் ஏன் இப்படிச் செய்கிறோம் என்று சொல்லித்தர ஆளிருக்காது. இரண்டிலும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முடிந்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் வீட்டு வேலையை எடுங்கள். அதிலும் பழக்கித்தரும் மனமுள்ள மேசனாகப் பார்த்துச் சேருங்கள். கொந்தராத்துக்காரரிடம் கேட்காதீர்கள், அவர் எல்லாம் பழக்குவோம் என்றுதான் சொல்வார். அங்கே முன்பு பழகிய பையன்களிடம் "உனக்கு எப்போது கரண்டி தந்தார்கள்?" என்று கேளுங்கள்.

முதல் மாதங்களில் சுமை தூக்குவது தவிர்க்க முடியாதது. 50 கிலோ சீமெந்துப் பை, தாச்சியில் கலவை, சாரத்துக்கு மேலே புளொக். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் நீங்கள் பயிலுநர் இல்லை, குறைந்த சம்பளக் கூலியாள். நான் இருந்த ஓர் இடத்தில் பயிலுநரைக் கையாளாக வைத்தே காலம் கடத்தப் பார்த்தார்கள். பின்னேரம் வேலை முடிந்து எல்லோரும் கை கழுவப் போகும் நேரத்தில் மிஞ்சிய கலவையில் நாலு புளொக் கட்டி, லெவல் வைத்துப் பார்த்து, திரும்பப் பிரித்துக் கழுவி அடுக்கி வைப்பேன். கிண்ணியாவிலிருந்து வந்த மேசன் நானா ஒருவர் கொஞ்ச நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள், "தம்பி, நாளைக்கு அந்தக் குளியலறைச் சுவர் உங்களுக்கு" என்றார். பழக்குகிறவர்கள் இப்படித்தான் பழக்குவார்கள். நீங்கள் கேட்கவும் வேண்டும், செய்து காட்டவும் வேண்டும்.

நம் ஊரின் மண்ணும் காற்றும் சொல்லித்தரும் பாடங்கள் சில உண்டு. மணல் பெரும்பாலும் மகாவலிப் பக்கம், கிண்ணியா, மூதூரிலிருந்து வரும். மணலைக் கியூப் கணக்கில், அதாவது 100 கன அடியாக வாங்குகிறோம், பெட்டியாலோ வாளியாலோ அளந்து கலக்கிறோம். லேசாக ஈரமான மணல் உப்பிப்போய் நிற்கும். நல்ல மணலாயிருந்தாலும் அதே வாளியில் கால்வாசி வரை குறைவாகவே விழும். காய்ந்த மணலுக்குச் சொன்ன அளவையே ஈர மணலுக்கும் போட்டால் கலவை மாறிவிடும். 1:2:4 கொங்கிறீட்டுக்கு ஒரு பை சீமெந்து ஏறத்தாழ ஒன்றேகால் கன அடி. மணல் இரண்டரை, முக்கால் அங்குலச் சல்லி ஐந்து. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பீட்டில் கட்டாயம் வரும். கடற்கரை மணலை யாராவது "கழுவினால் சரி" என்று கொண்டுவந்தால் விலகி நில்லுங்கள். உப்பு கம்பியைத் தின்னும், சுவரில் வெள்ளை பூக்கும். உப்புவெளி, நிலாவெளியில் சில கிணற்றுத் தண்ணீரும் கரிப்புத்தான். வாயில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கம்பிக்கும் பலகைக்கும் இடையில் விடும் மூடலிலும் கவனமாக இருங்கள். கடலோரத்தில் வரைபடம் தூணுக்கு 40 மி.மீ. என்றால் 40 இருக்க வேண்டும். அந்த இடைவெளிக்காக வைக்கும் கவர் புளொக் முடிந்துவிட்டது என்று கைக்கு அகப்பட்ட சல்லியைச் சொருகுவார்கள். அதிரவைக்கும்போது சல்லி நழுவும், கம்பி பலகையில் ஒட்டும். பத்து வருடத்தில் அந்தத் தூண் வெடிக்கும்.

அப்புறம் கச்சான். வைகாசியிலிருந்து ஆவணி வரை வீசும் அந்தக் காய்ந்த காற்று, பூசிய சுவரை அப்பளம் போல நொறுக்கிவிடும். அந்த மாதங்களில் வெளிப்பூச்சை விடியலிலேயே தொடங்கி, வெயில் ஏறுமுன் அந்தப் பக்கத்தை முடித்து, நிழல் விழும் பக்கத்துக்கு மாறுவார்கள். ஸ்லாப்புக்கு ஈரச்சாக்கு போட்டு, குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றும் வேலையைச் சின்னப் பையனிடம்தான் தருவார்கள். தந்தால் சந்தோஷமாகச் செய்யுங்கள். கொங்கிறீட் பலமாவது கலக்கிற அன்றைக்கு மட்டுமல்ல, பிறகு குடிக்கிற தண்ணீரிலும்தான் என்று அங்கேதான் விளங்கும்.

இனி மதிப்பீடு. இது மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பரீட்சை இல்லை. மதிப்பீட்டாளர் உங்களைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார், செய்யும்போதே கேள்வி கேட்பார், நீங்கள் சேர்த்து வைத்த பதிவுகளைப் புரட்டுவார். தீர்ப்பு இரண்டுதான்: தேர்ச்சி, அல்லது இன்னும் தேர்ச்சி பெறவில்லை. ஆகவே கடைசி மாதத்தில் குறிப்பேட்டை ஒரே மூச்சில் நிரப்புகிற வழக்கம் உதவாது. தினமும் படுக்குமுன் நாலு வரி எழுதுங்கள்: என்ன வேலை, என்ன அளவு, என்ன கலவை, என்ன பிழைத்தது. கைபேசியில் படமும் எடுங்கள், ஆனால் முடிந்த சுவரை மட்டும் எடுக்காதீர்கள். நூல் கட்டியது, மூலை செங்கோணமா என்று 3-4-5 அளவில் பார்த்தது, தண்ணீர்க் குழாயால் மட்டம் எடுத்தது எல்லாம் இருக்கட்டும்.

கை வேலையில் கெட்டிக்காரர்கள் தடுமாறுவது கணக்கில்தான். 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் உயரச் சுவருக்கு எத்தனை புளொக்? 16க்கு 8 அங்குல முகமுள்ள புளொக் என்றால், சாந்து இடைவெளியும் சேர்த்து ஒரு சதுர மீற்றருக்குப் பன்னிரண்டரை, ஆகவே 75. உடைவுக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள். நம் மேசன்மார் அடியிலும் அங்குலத்திலும் பேசுவார்கள், வரைபடமோ மில்லிமீற்றரில் இருக்கும். இரண்டிலும் யோசிக்கப் பழகாவிட்டால் அந்த இடத்தில் நாக்கு உலர்ந்துவிடும். கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்கும் கொங்கிறீட் இளக்கச் சோதனையும் கேட்கக்கூடும். 300 மி.மீ. உயரக் கூம்பு, மூன்று அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் 25 குத்து. பெரிய வேலைத்தலத்தில் இருந்தால் அங்குள்ள தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் ஒருமுறை நீங்களே செய்து பார்க்க அனுமதி கேளுங்கள். தரமாட்டேன் என்று யாரும் சொன்னதை நான் கண்டதில்லை.

கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரச் சீமெந்து தோலை அரிக்கும், விரல் நுனி ஓட்டையாகும். கையுறை போட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். செருப்போடு சாரம் ஏறாதீர்கள். உதவித்தொகை பெரிதாக இராது. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

தேர்ச்சி வந்ததும் சான்றிதழைக் கையில் வாங்கும்போதே, உங்கள் பெயர் அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் இருக்கிறபடி ஆங்கிலத்தில் அதே எழுத்துகளில் இருக்கிறதா என்று பாருங்கள். தகப்பன் பெயர் முன்னே பின்னே மாறிக் கிடப்பது நம்மவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. கத்தாருக்கோ துபாய்க்கோ விண்ணப்பிக்கும் நேரத்தில் அதைத் திருத்த ஓடுவதை விட, அங்கேயே நின்று சொல்லிவிடுவது லேசு.