வாட்ஸ்அப் ஸ்டிக்கரை யார் அழிப்பது?

பள்ளிச் சுற்றுலா பஸ்ஸில், வாய் நிறையப் புளியோதரையோடு என் பையன் நிமிர்ந்து பார்க்கிறான். அதுதான் படம். பின்னணியை வெட்டி, கீழே 'அண்டா' என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பசங்க குரூப்பில் யார் குட்மார்னிங் போட்டாலும் பதிலுக்கு அந்த அண்டாதான். இன்ஸ்டாகிராமில் பள்ளியின் பெயரில் யாரோ ஓட்டிக்கொண்டிருந்த 'கன்ஃபெஷன்' பக்கத்திலும் அது ஏறியது. தெரியாத பெற்றோருக்காகச் சொல்கிறேன்: பிள்ளைகள் ஒரு கூகுள் படிவத்தில் பெயர் போடாமல் எதையாவது எழுதி அனுப்புவார்கள், பக்கத்தை நடத்துகிறவர் அதை வெளியிடுவார். எழுதியவனும் தெரியாது, நடத்துகிறவனும் தெரியாது.

அவனாக எதுவும் சொல்லவில்லை. மத்தியான டப்பா தொடாமல் திரும்பி வந்தது, கேட்டால் 'பசிக்கலம்மா'. அவன் சித்திதான் பேசிப் பேசி வரவழைத்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை: போனைப் பிடுங்கக் கூடாது. சரி என்றோம். பிள்ளைகள் வாயைத் திறக்காததற்குப் பாதிக் காரணம் இந்தப் பயம்தான். கலாய்த்தவன் போனோடு திரிவான், கலாய்க்கப்பட்டவன் போன் பீரோவுக்குள் போகும்.

முதலில் ஆதாரம். பெயரும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், பதிவின் லிங்க், பக்கத்தின் லிங்க். பக்கத்தின் பெயரை மாற்றிவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து மட்டும் தேட முடியாது. சில பக்கங்களில் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற இடத்தில் எப்போது தொடங்கியது, முன்பு எத்தனை முறை பெயர் மாறியது என்று பார்க்கலாம். அப்புறம் ரிப்போர்ட். யார் ரிப்போர்ட் செய்தார்கள் என்பதை இன்ஸ்டாகிராம் எதிராளிக்குச் சொல்லாது என்று காட்டிய பிறகுதான் பையன் பட்டனை அழுத்தினான். படம் போனது, பக்கம் இருந்தது. அத்தோடு விட்டோம்.

ஸ்டிக்கர்தான் சிக்கல். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் கடைசி ஐந்து செய்திகள் அந்த நிறுவனத்துக்குப் போகும். குரூப் அட்மின் நினைத்தால் மற்றவர்கள் போட்டதையும் எல்லோருக்கும் அழிக்கலாம். ஆனால் யாராவது அதைத் தன் ஃபேவரிட்டில் சேமித்துவிட்டால் அது அவன் போனில் இருக்கும், நாளைக்கு வேறு குரூப்பில் முளைக்கும். அங்கிருந்து எடுக்க எந்தப் பட்டனும் நம்மிடம் இல்லை, சேமித்தவனே அழித்தால்தான் உண்டு. ஆக, வகுப்புக்குள் போயே ஆக வேண்டும்.

தலைமையாசிரியர், "பசங்க விளையாட்டுக்குக் கலாய்க்கிறதுதானுங்களே" என்றார். நான் சத்தம் போடவில்லை. புகார் கொடுத்த பிறகு என் பையனுக்கு என்ன பாதுகாப்பு என்று மட்டும் கேட்டேன். 2023இல் நாங்குநேரியில் சாதியைச் சொல்லிச் சீண்டப்பட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் பள்ளியில் விஷயத்தைச் சொன்ன பிறகுதான் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். எங்கள் விஷயம் அந்த அளவு இல்லை, ஆனால் கேள்வி அதேதான். பிரேயரில் வரிசையாக நிறுத்தித் திட்ட வேண்டாம், என் பையன் பெயர் வெளியே வர வேண்டாம் என்றேன்.

வகுப்பு மிஸ் கெட்டிக்காரி. யார் செய்தது என்று விசாரிக்கவே இல்லை. பெற்றோர் கூட்டத்தில் எல்லாப் பெற்றோரிடமும், இன்று ராத்திரி பிள்ளையோடு உட்கார்ந்து வகுப்பில் யாருடைய முகம் உள்ள ஸ்டிக்கர் இருந்தாலும் அழியுங்கள் என்றார். எத்தனை முகங்கள் இருந்தன என்பது பிறகு தெரிந்தது, அதில் ஸ்டிக்கர் செய்தவனின் முகமும் ஒன்று. குரூப்பில் அட்மினாக இருந்த பையனைத் தனியே கூப்பிட்டு, போட்டால் அழிக்கிற வேலையை அவனிடம் கொடுத்தார். எனக்கு இதுதான் சரியாகப் பட்டது. செய்தவன் ஒருத்தன், தினமும் எடுத்துப் போட்டுச் சிரித்தவர்கள் முப்பது பேர். அந்தச் சிரிப்பு நின்றால் செய்தவனுக்கு வேலை இல்லை.

போலீசுக்குப் போவதா என்றும் யோசித்தோம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்துப் பேசினேன். சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனில் நேரிலும் மனு கொடுக்கலாம், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். எதிர்த்தரப்பும் 18 வயதுக்குக் கீழே என்றால், 7 வருடத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்துக்குப் பொதுவாக எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், ஸ்டேஷன் நாட்குறிப்பில் பதிவார்கள். இதே படத்தை ஆபாசமாக மாற்றியிருந்தால் யோசிக்கவே இடமில்லை. அது போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில் வரும், தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் பள்ளியும் மாட்டும். அப்படிப் படம் வந்தால் ஆதாரம் என்று யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், நேரே போலீசில் காட்டுங்கள்.

நாங்கள் இப்போதைக்கு மனு கொடுக்கவில்லை. இன்னொரு முறை அந்த ஸ்டிக்கர் வந்தால் கொடுப்போம் என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன்.