உப்பில்லாத் தண்ணீர்

மார்ச் 2, 2025

பள்ளிக்கரணை ஷெட்டில் இன்று முதல் வேலையாக, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரை போர் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். 1,420. குடிக்கிற தண்ணீருக்கு 500-க்குள் இருந்தால் நல்லது என்பார்கள். நாங்கள் கழுவும் கட்டிடக் கண்ணாடிக்கு அந்த 500 கூட ஆகாது. 10-க்குக் கீழே வந்தால்தான் துடைக்காமல் அப்படியே காய விடலாம்.

ஆறு வருடமாக வாளி, சோப்பு, வைப்பர். மேல்மாடி என்றால் கயிறு. வேலைக்கு வரும் பையன்கள் கயிற்றில் இறங்கும்போது நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். கையில் இருக்கும் டீ ஆறிப்போகும். தண்ணீர் ஓடும் கோல் வாங்கிவிட்டால் மூன்று மாடி வரை தரையில் நின்றே கழுவலாம். கோலின் நுனியில் பிரஷ், பிரஷ்ஷுக்குள்ளேயே தண்ணீர். தேய்த்து, அலசி, விட்டுவிட வேண்டியதுதான். அவ்வளவு உயரத்தில் வைப்பர் இழுக்க முடியாது. அதனால்தான் தண்ணீரில் உப்பே இருக்கக் கூடாது. கோல் அப்புறம். முதலில் தண்ணீர்.

மார்ச் 5

பாரிமுனையில் ஒரு கடைக்காரர், "ஆர்ஓ எதுக்கு சார், ரெசின் சிலிண்டர் ஒண்ணு போதும்" என்றார். ஆர்ஓ என்பது மெம்பரேன் என்கிற சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிப்பது. ரெசின் என்பது உப்பைப் பிடித்துக்கொள்ளும் பொடி மணிகள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 25 லிட்டர் ரெசின் மொத்தமாகச் சுமார் 600 கிராம் உப்பைப் பிடிக்கும். எங்கள் போர் தண்ணீரில் லிட்டருக்கு 1.4 கிராம். 420 லிட்டரிலேயே ரெசின் தீர்ந்துவிடும், ஒரு நாள் வேலைக்குக்கூடக் காணாது. அதே ரெசினுக்கு முன்னால் ஆர்ஓ வைத்து 30-க்குக் கொண்டுவந்தால் 20,000 லிட்டர் வரும். நல்ல தண்ணீர் கிடைக்கிற ஊரில் ரெசின் மட்டும் போதுமாக இருக்கலாம். இங்கே ஆர்ஓ இல்லாமல் ஆகாது.

மணிக்கு 250 லிட்டர் தரும் ஆர்ஓ பிளான்ட்டுக்குச் சொல்லிவிட்டேன். மணல் ஃபில்டர், கார்பன், 5 மைக்ரான் ஃபில்டர், பம்ப், 4040 சைஸ் மெம்பரேன் ஒன்று. போர் தண்ணீரில் குளோரின் இல்லை, கார்பன் வேண்டாமே என்று மனைவி கேட்டாள். கோடையில் போர் காலை வாரினால் மெட்ரோ வாட்டர் லாரிதான். அந்தக் குளோரின் மெம்பரேனை அரித்துவிடும். கார்பன் இருக்கட்டும்.

மார்ச் 9

மெக்கானிக் அண்ணன் காலை எட்டு மணிக்கு வந்தார். புது மெம்பரேனில் பதப்படுத்தும் மருந்து இருக்கும் என்று முதல் ஒரு மணி நேரத் தண்ணீரைக் கீழே விட்டோம். பிரஷர் கேஜில் 6 கிலோ காட்டியபோது வந்த தண்ணீர் 70. மெம்பரேன் ஒதுக்கித் தள்ளும் உப்புத் தண்ணீர்தான் ரிஜெக்ட். அதன் வால்வை அண்ணன் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகினார். 11 கிலோவில் 34. "இதுக்கு மேல முறுக்காதே தம்பி, மெம்பரேன்ல உப்பு படிஞ்சிடும்" என்றார். ரெசின் தாண்டி வந்ததில் மீட்டரை வைத்தேன். 000.

உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று ஷெட்டில் கிடந்தது. அதில் போர் தண்ணீர் ஒரு சொட்டு, பக்கத்தில் புதுத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு வெயிலில் வைத்தேன். போர் சொட்டு ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, கடைசியில் சுண்ணாம்புக் கோடு போட்டது போல ஒரு வெள்ளை வளையம். இன்னொரு சொட்டு எங்கே விட்டேன் என்றே தெரியவில்லை. இளைய பையன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இங்கதானே வச்சீங்க?" என்றான்.

மார்ச் 10

1,000 லிட்டர் உள்ளே போனால் 400 நல்ல தண்ணீர், 600 ரிஜெக்ட். ரிஜெக்ட் 2,300-க்கு மேல் காட்டுகிறது. லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான், இதைச் சாக்கடையில் விட மனசு வரவில்லை. தனி டேங்க் வைத்து டாய்லெட்டுக்கும் தரை கழுவவும் துணிகளின் முதல் அலசலுக்கும் திருப்பியிருக்கிறேன். செடிக்கு ஊற்றக் கூடாது, கருகிவிடும். இவ்வளவு செய்தும் பாதிக்கு மேல் மிஞ்சுகிறது.

மார்ச் 16

துரைப்பாக்கத்தில் முதல் வேலை. குட்டியானையில் 500 லிட்டர் டேங்க். தண்ணீர் மட்டும் அரை டன். டேங்க் பாதியாக இருக்கும்போது பிரேக் போட்டால் தண்ணீர் வண்டியையே முன்னால் தள்ளுகிறது. இனி போகும்போது முழுசாக நிரப்ப வேண்டும், வரும்போது காலியாக இருக்க வேண்டும்.

மதியம் கண்ணாடி காய்ந்ததும் வயிறு கலங்கியது. மூன்று மாடியும் புள்ளி புள்ளியாக. ஷெட்டில் 000 பார்த்துத்தானே ஏற்றினோம்? பிரஷ் நுனியில் மீட்டரைப் பிடித்தேன். 64.

காரணம் நான்தான். சனிக்கிழமை டேங்கை போர் தண்ணீரில் கழுவச் சொன்னேன். அவுட்லெட் அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே தேங்கிய இருபது லிட்டர் போதும், 500 லிட்டரையும் கெடுக்க. கட்டிட மேனேஜரிடம் நேராகப் போய்ச் சொன்னேன்: "தப்பு எங்களுது சார், புதன்கிழமை திரும்பச் செஞ்சு தர்றோம், காசு வேண்டாம்."

மார்ச் 19

காலையில் மேற்குப் பக்கம், மதியத்துக்கு மேல் கிழக்கு. சூடான கண்ணாடியில் அலசுவதற்குள்ளேயே அழுக்கு காய்ந்து ஒட்டிவிடுகிறது. முதலில் மேல் ஃபிரேமையும் ரப்பரையும் தேய்த்து, அந்த அழுக்கு வழிந்து முடிந்த பிறகு கண்ணாடி. பிரஷ் நுனியில் 002. நான்கு மணிக்கு மேனேஜர் வந்து கண்ணாடிக்குக் கன்னத்தை ஒட்டி வைத்துச் சாய்வாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த மாதத் தேதியைக் கேட்டார்.

மார்ச் 22

வேறொரு கட்டிடத்தில் பழைய உப்புக் கறை. ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் வருடக்கணக்கில் பட்டுக் கண்ணாடியோடு கண்ணாடியாகிவிட்டது. சுத்தத் தண்ணீருக்கு அது போகாது. ஒருவர் லேபிள் இல்லாத கேனில் ஆசிட் கொண்டுவந்து தந்தார். விசாரித்தால் ஹைட்ரோஃபுளோரிக் சேர்ந்தது. தோலில் பட்டவுடன் எரியாமல்கூட இருக்கும், உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். கயிற்றிலிருந்து பையன்களை இறக்கத்தான் இந்தப் பாடு. அவர்கள் கையில் இதையா கொடுப்பது? அந்த வேலையை விட்டுவிட்டேன்.

மார்ச் 30

ரிஜெக்ட் இன்னும் மனதை உறுத்துகிறது. மழைத்தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. கூரையில் முதல் மழை கழுவிப்போன பிறகு பிடித்து, ஃபில்டர் செய்து, நேராக ரெசினுக்கு விடலாம். ஆர்ஓவும் வேண்டாம், ரிஜெக்ட்டும் இல்லை. ஷெட் கூரை 600 சதுர அடி. 10 சென்டிமீட்டர் மழைக்கு 5,500 லிட்டர், பதினோரு டேங்க். ஐப்பசிக்கு இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது. மெக்கானிக் அண்ணனிடம் கூரை நீளத்தை அளந்து கொடுத்தேன். ஆறு இஞ்ச் பிவிசி பைப்பை நீளவாக்கில் அறுத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.