பரணியில் வைன்: இந்த வருசம் சீனியைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் அக்டோபர் பிறந்ததும் கிறிஸ்துமஸ் வைன் போட, பரண்மேல் இருக்கும் பரணியை (பீங்கான் ஜாடியை) கீழே இறக்கும் வீடுகள் ஏராளம். கருங்கல், மார்த்தாண்டம், குளச்சல் என்று எந்தப் பக்கம் போனாலும் கைமாறி வரும் வைன் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு கிலோ கறுப்புத் திராட்சை, ஒரு கிலோ சீனி, ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீர், ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், கிராம்பு, பட்டை. 21 நாள் மூடி வைத்துத் தினமும் கிண்ட வேண்டும். கேக்கோடு ஒரு சின்னக் கிளாஸ் குடித்தால் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது கிளாஸ் திகட்டும். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

ஒரு கிலோ திராட்சையில் சுமார் 700 மில்லி சாறு கிடைக்கும். அதிலேயே 115 கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு. தண்ணீர் ஒரு லிட்டர். ஒரு கிலோ சீனி கரைந்தால் அதுவே 600 மில்லிக்கு மேல் இடம் பிடிக்கும். ஆக மொத்தம் 2.3 லிட்டர் திரவத்தில் 1,115 கிராம் சர்க்கரை, அதாவது லிட்டருக்கு 480 கிராமுக்கு மேல். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஒரு சதவீதம் ஆல்கஹால் வரும். பேக்கரி ஈஸ்ட் 12 சதவீதத்தை எட்டுவதே பெரிது. அதற்குச் செலவாவது 200 கிராம்தான். மீதி 280 கிராம் அப்படியே கிடக்கும். கோலா பானத்திலேயே லிட்டருக்கு 105 கிராம் அளவில்தான் சீனி இருக்கிறது. அந்தப் பரணியில் உள்ளது வைன் இல்லை, கொஞ்சம் புளித்த சர்பத். அது மட்டுமில்லை, இவ்வளவு சீனிக்குள் விழுந்த ஈஸ்ட், உப்பில் போட்ட மாங்காய் மாதிரி தன் உடம்பிலுள்ள தண்ணீரை இழந்து சுருங்கிப்போகும். சில பரணிகளில் மூன்று நாளாகியும் நுரையே வராததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். விற்கப் போனால் சிக்கல் இன்னும் பெரிது. இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

பழம்

நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தைக்கு வரும் பன்னீர் திராட்சை போதும். கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. உலகத்தில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். பன்னீர் வாசனை வருவதால்தான் நம்மூரில் இந்தப் பெயர், அந்த வாசனைதான் வைனுக்கும் மூலதனம். விதையில்லாத பச்சைத் திராட்சையில் செய்தால் நிறமும் இருக்காது, மணமும் இருக்காது.

வாங்கும்போது கொத்தின் நுனியில் இருக்கும் பழத்தைத் தின்று பாருங்கள். நுனிப் பழம் கடைசியில்தான் பழுக்கும். அது இனித்தால் கொத்து முழுக்க இனிக்கும். ஐப்பசி மழையில் நனைந்து வந்த பழம் வெடித்து, காடி (வினிகர்) வாசனை அடித்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். காடிக் கிருமி அதிலேயே வீட்டுக்கு வந்துவிடும்.

ஐந்து கிலோவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். உப்புத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். காம்பை முழுக்க ஆய்ந்துவிட வேண்டும். பச்சைக் காம்பு கிடந்தால் வைனில் ஒரு கசப்பு ஏறும், அதை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது. பழத்தைக் கையால் பிசைந்து உடைத்தால் போதும். மிக்சியில் அடித்தால் விதை உடைந்து கசக்கும்.

திராட்சையை வேகவைத்துச் செய்யும் முறை ஒன்று உண்டு. சிவப்பு நிறம் உடனே வருவதால் பலருக்குப் பிடிக்கும். ஆனால் பழத்தை வேகவைத்தால் பன்னீர் மணம் ஆவியோடு போய் ஜாம் மணம்தான் மிஞ்சும். தோலிலுள்ள பெக்டினும் (ஜாமை இறுக வைக்கும் பொருள்) கரைந்து வந்து வைனைத் தெளியவிடாமல் கலங்கலாகவே வைத்திருக்கும்.

பரணியும் ஈஸ்டும்

பத்து லிட்டர் பீங்கான் பரணி, அல்லது உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் வாளி. பரணியின் உள்பூச்சில் கீறல் இருந்தால் வேண்டாம். கீறலுக்குள் போன கிருமி எவ்வளவு வெந்நீர் ஊற்றினாலும் சாகாது. ஊறுகாய் போட்ட பரணி என்றால் அந்த மணம் வைனிலும் வரும். அலுமினியம், பித்தளை, செம்பு, இரும்பு எதையும் சாறு தொடக்கூடாது, கரண்டி உட்பட. சிரட்டைத் தவி (கொட்டாங்குச்சி அகப்பை) நல்லது, ஆனால் குழம்பில் போட்டது ஆகாது. பரணியில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். இரண்டாம் நாள் நுரை பொங்கி வழிந்தால் தரையைத் துடைத்து முடிப்பதற்குள் எறும்பு வந்துவிடும்.

ஸ்குவாஷ் கெடாமலிருக்கப் போடும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கேக் சாமான் கடைகளில் கிடைக்கும். பிசைந்த பழத்துக்கு வேண்டியது 0.4 கிராம்தான், அதை வீட்டுத் தராசு காட்டாது. ஐந்து கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து 40 மில்லியை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். மீதியில் பாத்திரங்களை அலசிக்கொள்ளலாம். கரைக்கும்போது மூக்கை அருகில் கொண்டு போகாதீர்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் குடிப்பதாக இருந்தால் இதைப் போடவே வேண்டாம். போட்டால் 24 மணி நேரம் கழித்துத்தான் ஈஸ்ட் போட வேண்டும். உடனே போட்டால் ஈஸ்டும் சேர்ந்து சாகும்.

இப்போது சீனி. ஐந்து கிலோ பழத்துக்கு 200 கிராம். எழுத்துப் பிழை இல்லை, இருநூறுதான். தண்ணீர் சேர்க்கவே வேண்டாம். ஹைட்ரோமீட்டர் (தண்ணீரை 1.000 என்று வைத்துச் சாற்றின் அடர்த்தியைக் காட்டும் மிதவை) இருந்தால் இன்னும் நல்லது: சாறு பெரும்பாலும் 1.070 பக்கம் காட்டும், அதை 1.090-க்குக் கொண்டு வந்தால் 12 சதவீதம் வரும். அதற்கு லிட்டருக்கு 50 கிராம் சீனி ஆகும். பால் கடையில் இருக்கும் பால்மானி இதற்கு ஆகாது, அதன் அளவுகோல் 1.040-லேயே முடிந்துவிடும்.

வைன் ஈஸ்ட் ஆன்லைனில் சின்னப் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. ஒரு கிராம் போதும். பேக்கரி ஈஸ்ட் என்றால் கால் டீஸ்பூன். வேலை நடக்கும், ஆனால் மண்டி இறுகிப் படியாது, ரொட்டி வாசனையும் கொஞ்சம் தங்கும். எதுவானாலும் கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில், கை வைத்தால் சுடாத பதத்தில், 15 நிமிடம் ஊற விட்டு நுரைத்த பிறகு ஊற்றுங்கள். கோதுமை தேவையில்லை. ஈஸ்டுக்குத் தீனி என்று போடுவது. வைனுக்குக் கிடைப்பது மாவுக் கலங்கல்தான்.

முதல் ஆறு நாள்

பரணியின் வாயைத் தோர்த்தால் (மெல்லிய துண்டால்) கட்டி, மேலே மூடியைத் தளர்வாக வையுங்கள். மறுநாளே தோல் எல்லாம் மேலே வந்து கட்டியாக மூடிக்கொள்ளும். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. காலையிலும் ராத்திரியிலும் அதைச் சாற்றுக்குள் அமுக்கி விட வேண்டும். ஒரு வேளை மறந்தால் கூட மேல்தோல் காய்ந்து பூசணம் பிடிக்க ஆரம்பிக்கும். தவியால் அமுக்கும்போது தோல் கட்டி பிளந்து, கீழிருந்து ஊதா நுரை கொப்புளித்து வரும். மூக்கில் சுருக்கென்று ஏறினால் அது கரியமில வாயு. எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

நம் ஊர்ச் சூடுதான் இதில் வில்லன். 30 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் வெறிகொண்டு ஓடும், மணம் எல்லாம் வாயுவோடு போய்விடும். பரணியை ஒரு அகன்ற தொட்டித் தண்ணீரில் இறக்கி, ஈரச் சாக்கைச் சுற்றி, காற்றோட்டமுள்ள இருட்டு மூலையில் வைத்தால் மூன்று நான்கு டிகிரி குறையும். அடுப்புப் பக்கமும் ஓட்டுக்கூரையின் கீழேயும் வேண்டாம்.

ஐந்தாவது அல்லது ஆறாவது நாள் தோலின் நிறம் மங்கி, சாற்றில் இனிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். வடிகட்டும் நேரம் அதுதான். 21 நாளும் கிண்டு என்கிற பழைய சொல் கெடுதல் செய்வது இங்கேதான். முதல் வாரத்தில் பொங்கி வரும் வாயு காற்றை நெருங்க விடாது. பிறகு அந்தக் காவல் இல்லை. அப்போதும் தினமும் திறந்து கிண்டினால் காற்றோடு காடிக் கிருமி உள்ளே போகும், ஆல்கஹாலைக் காடியாக்குவதுதான் அதன் பிழைப்பு.

வடித்ததை மூன்று லிட்டர் கண்ணாடி ஜாரில் கழுத்து வரை நிரப்புங்கள். குறைந்தாலும் மிஞ்சினாலும் சின்னப் பாட்டில்களில் பிரித்து நிரப்பலாம், வெற்றிடம் மட்டும் கூடாது. மூடியில் துளை போட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் புது டிரிப் குழாயைச் செருகி, ஓரத்தை மெழுகால் அடைத்து, மறுமுனையைத் தண்ணீர் உள்ள டம்ளரில் விடுங்கள். உள்ளிருந்து வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.

இரண்டு மூன்று வாரத்தில் குமிழி நின்றுவிடும். அடியில் விரல் கனத்துக்கு மண்டி படிந்திருக்கும். ஜாரை மேசையில் வைத்து, அசைக்காமல், குழாயால் தெளிவை மட்டும் கீழே இன்னொரு ஜாருக்கு இறுத்துங்கள். குழாயின் நுனி அடுத்த ஜாரின் அடியைத் தொட்டபடி இருக்கட்டும், மேலிருந்து கொட்டினால் காற்று கலக்கும். இன்னும் நாலு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. அதனால்தான் கல்லறைத் திருநாள் (நவம்பர் 2) கழிந்து ஆரம்பிப்பவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கலங்கலைக் குடிக்கிறார்கள். அக்டோபர் முதல் வாரம் சரியான நேரம்.

கிராம்பும் பட்டையும் பிடிக்கும் என்றால் கடைசி வாரத்தில் போடுங்கள். மாறாமலைக் கிராம்பு என்றால் மூன்று லிட்டருக்கு இரண்டே இரண்டு. பட்டை ஒரு விரல்கணு. துணியில் முடிந்து போட்டு ஐந்தாம் நாள் எடுத்துவிட வேண்டும். முதலிலேயே போட்டால் கிராம்பெண்ணெய் ஈஸ்டையே அடக்கும், வைனும் பல் வைத்தியசாலை மாதிரி மணக்கும்.

கெட்டுப்போனால்

முட்டை அழுகிய வாடை வந்தால் ஈஸ்ட் பட்டினி கிடந்தது என்று அர்த்தம். ஆரம்பத்திலேயே தெரிந்தால் ஒரு தடவை காற்றுப்படும்படி ஊற்றி மாற்றினால் பெரும்பாலும் போகும். மேலே மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்தால் ஜாரில் வெற்றிடம் இருக்கிறது; ஆடையைக் கலக்காமல் கீழிருந்து இறுத்து, நிரம்ப நிரப்புங்கள். பச்சையோ கறுப்போ பஞ்சு மாதிரி பூசணம் என்றால் யோசிக்காமல் கொட்டுங்கள். நகப்பூச்சு வாடையும் காடிப் புளிப்பும் திரும்பாது. காடியானதை மீன் ஊறவைக்க எடுத்துக்கொள்ளலாம், நட்டமில்லை.

ஆபத்தான தவறு ஒன்று உண்டு. குமிழி நிற்பதற்குள் பாட்டிலில் அடைத்து இறுக்கினால், உள்ளே வாயு சேர்ந்து கண்ணாடி வெடிக்கும். ஹைட்ரோமீட்டர் ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை 1.000-க்குக் கீழே ஒரே எண்ணைக் காட்டிய பிறகே அடையுங்கள். இன்னொன்று, இதைக் காய்ச்சி வடிக்கும் எண்ணமே வேண்டாம். அது வேறு பொருள், வேறு குற்றம், உயிருக்கே ஆபத்து.

குடித்துப் பார்ப்பது

வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ், மூன்றில் ஒரு பங்கு வைன். எவர்சில்வர் டம்ளரில் நிறமும் தெரியாது, மணமும் நிற்காது. ஃபிரிஜ்ஜில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். நம் அறைச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் முதலில் வந்து நிற்கும்.

வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்துப் பாருங்கள். ஓரம் ஊதா கலந்த சிவப்பாக இருந்தால் இளசு, செங்கல் நிறம் என்றால் காற்றுப் பட்டிருக்கிறது. முதலில் சுழற்றாமல் மோந்து பார்த்துவிட்டு, பிறகு சுழற்றி மோந்தால் வித்தியாசம் தெரியும். பன்னீர் மணம் முதல் மோப்பத்திலேயே வர வேண்டும். ஒரு மடக்கு வாயில் வைத்து எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். புளிப்பு இருந்தால் கன்னத்தின் உள்பக்கம் எச்சில் ஊறும். துவர்ப்பு என்றால் ஈறு வறண்டு பிடிக்கும், ஆறிப்போன கட்டன்சாயா (பால் இல்லாத தேநீர்) குடித்தது போல. புளிப்பையும் துவர்ப்பையும் பிரித்தறியத் தெரிந்துவிட்டால் பாதி ருசி பழகியாயிற்று. விழுங்கிய பிறகு தொண்டையில் சுடச்சுட இறங்கினால் ஆல்கஹால் கூடிப்போயிற்று.

இப்படிச் செய்த வைன் கிட்டத்தட்ட இனிப்பே இல்லாமல் இருக்கும். கேக்கோடும் முந்திரிக்கொத்தோடும் குடித்தால் வெறும் புளிப்பாகத் தெரியும், ஏனென்றால் தின்பது வைனைவிட இனிப்பு. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸோடும் வறுத்த இறைச்சியோடும் அதே வைன் அருமையாக இருக்கும். கேக்குக்குத்தான் வேண்டும் என்றால், பரிமாறுவதற்குச் சற்று முன்பு லிட்டருக்கு 30 கிராம் சீனியைப் பாகாக்கி ஆறவைத்துக் கலந்துகொள்ளுங்கள். கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிஞ்சினால் மூடியைத் தளர்த்தி ஃபிரிஜ்ஜில் வையுங்கள், உள்ளே தூங்கும் ஈஸ்ட் சீனியைக் கண்டால் எழுந்துகொள்ளும்.