இறுகிப்போன சேஃப்டியும் தேய்க்க வந்த அரமும்

ஒருவழியாக என் 1911 பிஸ்டலின் சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு, கட்டைவிரலுக்குப் பணிந்துவிட்டது. அரம் ஒரு தடவைகூட அதன்மேல் படவில்லை. இந்தப் பிஸ்டலைப் பழுதுபார்க்க வந்த ஒருவர் முதலில் தேடியது அரத்தைத்தான் என்பதால் இதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

பிஸ்டல் எம்1911ஏ1 (1911-இன் பிற்கால வடிவம்), .45 குண்டு. குடும்பத்தில் கைமாறி என்னிடம் வந்தது. அதற்கு முன் பல வருடம் கிரீஸ் தடவி உறைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. சேஃப்டியை மேலே ஏற்ற இன்னொரு கையின் கட்டைவிரலும் வேண்டும். கீழே இறக்கும்போது ‘டக்’ என்று குதிக்கும், பிஸ்டலே கையில் ஒரு ஆட்டம் ஆடும். சிங்கிள் ஆக்‌ஷன் பிஸ்டலில், அதாவது ஹேமரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல்) முன்கூட்டியே பின்னால் இழுத்து வைத்தால்தான் சுடுகிற வகையில், இதைச் சின்ன விஷயமாக விட முடியாது. ஹேமர் பின்னால் நிற்கும்போது போடுகிற பூட்டு அது. பலம் கொடுத்துத் தள்ளும்போது பிடி நழுவி விரல் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஹேமர் கீழே இருக்கும்போது 1911-இல் சேஃப்டி ஏறவே ஏறாது. அது பழுது இல்லை, அமைப்பே அப்படி. இதைக்கூடப் பார்க்காமல் “இறுகிப்போச்சு” என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் போன பழுதுபார்க்கும் இடத்தில், உரிமத்தின் அசல் இல்லாமல் பிஸ்டலைத் தொடக்கூட மாட்டோம் என்று திருப்பி அனுப்பினார்கள். நியாயம்தான். ஆனால் போனில் கேட்டபோது நகல் போதும் என்று சொன்னதும் அவர்களே. அசலோடு மறுபடி போனால், அங்கிருந்த பெரியவர் சேஃப்டியை ஒரு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “பழைய பிஸ்டல்னா அப்படித்தான் தம்பி இருக்கும், பழகிடும்” என்றார். வெளியிலிருந்தே கொஞ்சம் எண்ணெயைப் பீய்ச்சி, அதற்கும் காசு வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாள் பரவாயில்லாமல் இருந்தது. அப்புறம் முன்னைவிட மோசம். பழைய கிரீஸை அந்த எண்ணெய் கரைக்கவில்லை, இளக்கி இன்னும் உள்ளே தள்ளியிருந்தது. பிரித்த பிறகுதான் இது தெரிந்தது.

அடுத்த ஆள் இன்னும் ஆபத்து. சேஃப்டியைக் கழற்றி, அதன் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் குமிழைக் காட்டி, “ரெண்டே நிமிஷம் சார், இங்கே அரத்தால லேசா தேய்ச்சா வெண்ணெய் மாதிரி வரும்” என்றார். வரும்தான். ஆனால் ஸியர், அதாவது ஹேமரைப் பின்னால் பிடித்து வைத்திருக்கும் கொக்கி, அசையாமல் தடுத்து நிறுத்துவதே அந்தக் குமிழ். அங்கே உலோகம் குறைந்தால் சேஃப்டி சுகமாக மேலே ஏறும். ட்ரிகரை இழுத்தால் ஸியரும் சுகமாக நகரும். பார்க்கச் சேஃப்டி போட்டதுபோல் இருக்கும், பூட்டு மட்டும் இருக்காது. தேய்த்ததைத் திரும்ப ஒட்டவைக்கவும் வழியில்லை. வெல்டிங் வைத்து மறுபடி பொருத்த வேண்டும், இல்லையென்றால் புதுச் சேஃப்டி வாங்கி, அதை இந்த ஸியருக்கு ஏற்ப ஃபிட் செய்ய வேண்டும். மாட்டிக் கொடுங்கள், போதும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

எங்கே இறுகுகிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் தேய்க்கக் கூடாது. இரண்டு இடத்திலும் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் என் ஆத்திரம்.

வீட்டில் உட்கார்ந்தேன். மேகசினை எடுத்து, ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பாகம்) இழுத்து, சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்தாயிற்று. தோட்டாக்கள் வேறு அறையில். இதில் சோம்பேறித்தனம் கூடாது.

முதல் சந்தேகம் இடது பக்க கிரிப் பலகை. பலகையின் மேல்விளிம்பு சேஃப்டியின் அடியில் உரசினாலே போதும், பாதி இறுக்கம் அதிலிருந்துதான். இரண்டு திருகைக் கழற்றினால் தெரிந்துவிடும். எனக்கு அது இல்லை. அடுத்து, எந்தத் திசையில் இறுகுகிறது என்று பார்க்க வேண்டும். மேலே ஏற்றும்போது மட்டும் முட்டினால் ஸியர் பக்கம் சந்தேகப்படலாம். அது ஃபிட்டிங் வேலை, தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இறுகினால் அழுக்கோ, சேஃப்டியை அழுத்தும் சின்னக் குச்சியான பிளஞ்சரோ, சேஃப்டி திரும்பும் அச்சோ. என்னுடையது இரண்டு திசையிலும் இறுகியது. அதற்கே பாதி நிம்மதி.

ஸ்லைடைக் கழற்றுவதில் சிரமமில்லை. சேஃப்டியை எடுக்க ஹேமர் பின்னால் நிற்க வேண்டும். ஸ்லைடு இல்லாதபோது தவறிக்கூட ஹேமரை விழ விடாதீர்கள். ஃபிரேமில் (பிஸ்டலின் உடல்) போய் மோதும். சேஃப்டியை ஏற்றமும் இறக்கமும் இல்லாத நடு நிலையில் வைத்து, லேசாக ஆட்டிக்கொண்டே வெளிப்பக்கம் இழுத்தால் வர வேண்டும். வரவில்லை. அங்கே அரம் பிடித்தவர் எப்படித்தான் கழற்றினாரோ, சேஃப்டியின் விளிம்பில் ஸ்க்ரூ டிரைவர் நெம்பிய தழும்பு புதிதாக ஒன்று இருந்தது. நான் அச்சு நுழையும் இடத்தில் கரைப்பான் சொட்டுவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே வைத்தேன். அச்சின் நுனி ஃபிரேமின் வலது பக்கம் தெரியும். அங்கிருந்து ஒரு மரக்குச்சியால் அழுத்த, மெதுவாக நகர்ந்து வந்தது. கரைப்பானைத் தொடும் முன் கிரிப் பலகை இரண்டையும் எடுத்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஏ1 பிஸ்டல்களில் அது பிளாஸ்டிக். அசிட்டோன் மாதிரி ஏதாவது பட்டால் நாசமாகிவிடும்.

இனி பிளஞ்சர் குழாய். ஃபிரேமின் இடது பக்கம், கிரிப் பலகைக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய். அதற்குள் முன்னால் ஒரு பிளஞ்சர், பின்னால் ஒரு பிளஞ்சர், நடுவில் ஸ்பிரிங். முன்னது ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்பை அழுத்தும், பின்னது சேஃப்டியை. இரண்டும் ஒரே மாதிரி இல்லை. எது எந்தப் பக்கம் என்று கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்னது விரலால் அழுத்தினால் உள்ளே போய் வந்தது. பின்னது அசையவே இல்லை. முன்பக்கத்திலிருந்து தள்ளி வெளியே எடுத்தபோது கூடவே வந்தது, கறுப்பும் பழுப்புமாக மெழுகுபோல் கட்டியாகிப்போன பழைய கிரீஸ். நகத்தால் கீறினால் சுருள் சுருளாக வந்தது. ஸ்பிரிங்கின் ஒரு முனையில் துரு, அந்தத் துருத் தூள் கிரீஸோடு கலந்து மணல்போல் நெருடியது. பிளஞ்சரின் நுனியில் ஒரு பிசிறு. சேஃப்டியின் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது கீறிக்கொண்டிருந்தது அதுதான்.

பிளஞ்சர் இல்லாமல் சேஃப்டியை மட்டும் மாட்டி, ஹேமரைக் கையால் பிடித்துக்கொண்டு திருப்பிப் பார்த்தேன். தடையே இல்லாமல் சுழன்றது. அப்படியானால் ஸியர் பக்கம் ஒரு குறையும் இல்லை. வெறும் கிரீஸுக்காகவும் துருவுக்காகவும் அந்தக் குமிழ் பலியாகியிருக்கும்.

குழாயைக் கரைப்பானில் நனைத்த பைப் கிளீனரால், அதில் கறை வராமல் போகும் வரை துடைத்தேன். குழாய் ஃபிரேமில் ஆடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு சின்னக் கால்களை உள்பக்கம் அடித்து விரித்துத்தான் அது நிற்கிறது. தளர்ந்து விலகினாலும் சேஃப்டி இறுகும். ஆடினால் நீங்களாகச் சுத்தியல் எடுக்க வேண்டாம். அதற்குத் தனிக் கருவி உண்டு, தப்பாக அடித்தால் குழாயே நசுங்கிவிடும். பிளஞ்சர் நுனியை மிக மெல்லிய எமரி தாளில் பிசிறு போகும் அளவுக்கு மட்டும் தேய்த்தேன். சேஃப்டியின் பள்ளத்தைத் தொடவில்லை. அது வழவழப்பானால் சேஃப்டி தானாக இறங்கிவிடும்.

ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருந்தது. அதில் ஒரு கூத்து. 1911 பிளஞ்சர் ஸ்பிரிங் என்று தெளிவாக எழுதி வாங்கினால், வந்தது கம்பி தடித்த வேறெதோ. மாட்டிப் பார்த்தால் பழையதைவிட இறுக்கம். விற்றவரிடம் சொன்னால், “எல்லாம் ஒண்ணுதான் சார்.” வேறிடத்தில் வாங்கியது சரியானது, ஆனால் நேராக இருந்தது. இந்த ஸ்பிரிங்கின் நடுவில் சின்ன வளைவு இருக்க வேண்டும். அதுதான் குழாய்க்குள் பிடித்துக்கொண்டு, சேஃப்டியைக் கழற்றும்போது பிளஞ்சர் பறந்து போகாமல் காக்கிறது. வளைந்த ஸ்பிரிங்கைப் பார்த்து “கெட்டுப்போச்சு” என்று நிமிர்த்திவிடாதீர்கள். நேரானது கிடைத்தால் நடுவில் லேசாக வளைத்துக்கொள்ளலாம். என்னதான் வளைத்தாலும் மாட்டும் வேலையைக் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்வது நல்லது.

திரும்ப மாட்டும்போது கடைசி நூலளவில்தான் பாடுபடுத்தும். பிளஞ்சரை உள்ளே அழுத்திப் பிடித்தால்தான் சேஃப்டி முழுதாக உட்காரும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி வழுக்கினால் ஃபிரேமில் ஆயுளுக்கும் நிற்கும் கீறல். பழைய பிளாஸ்டிக் அட்டையில் மெல்லிய பட்டை வெட்டி அதனால் அழுத்தினேன், கீறல் இல்லை. அச்சுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், குழாய்க்குள் அதற்கும் குறைவு. கிரீஸ் வேண்டவே வேண்டாம்.

மாட்டியதும் சோதிக்காமல் விடக் கூடாது. காலி பிஸ்டல்தானா என்று மறுபடி பார்த்து, ஹேமரை இழுத்து, சேஃப்டி போட்டு, ட்ரிகரை நன்றாக அழுத்தி விட்டேன். ஹேமர் விழவில்லை. சேஃப்டியை இறக்கினேன், அப்போதும் விழவில்லை. பிறகு காதருகே வைத்து ஹேமரை மெதுவாக இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்தேன். இந்த இடத்தில் சின்னதாக ‘டிக்’ கேட்டால், சேஃப்டி போட்டிருந்தபோதே ஸியர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். தோட்டாவே போடாமல் ஃபிட்டிங் தெரிந்தவரிடம் போக வேண்டும். எனக்குச் சத்தமே இல்லை. கைப்பிடியின் பின்பக்கம், பிடித்து அழுத்தினால்தான் பூட்டை விடும் கிரிப் சேஃப்டியின் மேல்முனையும் இதே அச்சில்தான் நிற்கிறது என்பதால் அதையும் அழுத்தாமல் ட்ரிகரை இழுத்துப் பார்த்தேன், பூட்டியே இருந்தது.

இப்போது ஒரே கட்டைவிரலில் ஏறுகிறது, இறங்குகிறது, இரண்டு பக்கமும் தெளிவான ஒரு ‘கிளிக்’. தடித்த ஸ்பிரிங்குக்குக் கொடுத்த பணம் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. கேட்டால், பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்களே என்கிறார்.