முதியோர் வார்டு நாட்குறிப்பு: ஒரே ராத்திரியில் வந்த குழப்பம்

ஜூன் 3, செவ்வாய், காலை

6-ம் கட்டில், 78 வயதுப் பெரியவர். இடுப்பெலும்பு அறுவை முடிந்து இரண்டாம் நாள். நேற்று மாலை வரை பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், ராத்திரி ட்ரிப்பைப் பிடுங்கிவிட்டு "மாட்டை அவிழ்க்கணும்" என்று எழுந்திருக்கிறார். வயசான மறதி என்கிறார்கள் வீட்டார். மறதிநோய் மாதக்கணக்கில் வரும்; இது ஒரே ராத்திரியில் வந்து, மணிக்கு மணி ஏறி இறங்குகிறது. உடம்புக் கோளாறால் மூளை திடீரெனக் குழம்பும் இந்த நிலைதான் டெலிரியம். கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னோம். "சனி, வெள்ளி, வியாழன்..." அங்கேயே நின்று ஜன்னலைப் பார்த்தார். கவனம் நிற்கவில்லை.

தூக்க மாத்திரை கேட்கிறார்கள். லோராசெபாம், டயசெபாம் எல்லாம் குழப்பத்தைக் கூட்டும். குடியை நிறுத்தியதால் வரும் டெலிரியத்துக்கு மட்டும் அவைதான் மருந்து. அங்கேயும் குளுக்கோஸுக்கு முன் தயமின் (வைட்டமின் பி1) போக வேண்டும். கடைசியாகக் குடித்த 2 முதல் 4 நாளில் அது தலைகாட்டும் என்பதால் மகனைத் தனியே அழைத்து விசாரித்தோம். குடிப்பழக்கம் இல்லை.

அதே நாள், மாலை

ஆக்ஸிஜன் 96, சர்க்கரை 142, காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் சோடியம் 134. குழப்பத்துக்குக் காரணம் இவற்றில் இல்லை. தொப்புளுக்குக் கீழே தட்டினால் மந்தமான ஒலி. ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் 640 மி.லி. நிரம்பிச் சொட்டுச் சொட்டாக வழிந்ததைத்தான் "யூரின் போகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். மலம் போய் 4 நாள். கேஸ் ஷீட்டைப் புரட்டினால், அரிப்புக்கு இரண்டு நாளாகக் குளோர்ஃபெனிரமின்! நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மாத்திரை. மூளையைக் குழப்பும், சிறுநீரைத் தேக்கும், மலத்தை இறுக்கும். உடனே நிறுத்தியாயிற்று. ட்யூப் போட்டுச் சிறுநீரை வடித்தோம், மலமிளக்கி தொடங்கினோம். குழம்பியவர் வலியைச் சொல்லமாட்டார். அதனால் பாராசிட்டமால் 650 மி.கி. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும். டிரமடால் என்ற கூடுதல் வீரியமுள்ள வலி மாத்திரை வேண்டாம்; அதுவே குழப்பும்.

ஜூன் 4, புதன்

கையைக் கட்டவில்லை. கட்டினால் திமிறுவார், விழுவார், மிரட்சி கூடும். மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் மூன்றும் வீட்டுப் பையிலேயே கிடந்தன. எடுத்து மாட்டியதும் பேச்சு பாதி தெளிந்தது. ஜன்னலோரக் கட்டில், பகலில் நாற்காலியில் உட்காரவைப்பு, ராத்திரி விளக்கைத் தணித்துத் தேவையற்ற பிபி பார்ப்பைத் தவிர்ப்பு. மகள் கூடவே இருக்கிறார். "மாடு இல்லப்பா" என்று வாதாடாமல், "மாட்டைத் தம்பி பாத்துக்கிறான்" என்றார், பெரியவர் அமைதியானார்.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் மட்டும் அமைதிப்படுத்தும் மருந்தான ஹாலோபெரிடால் 0.5 மி.கி. வாய்வழி, இசிஜி பார்த்த பிறகு. பார்க்கின்சன் இருந்தால் கூடவே கூடாது. இவருக்குத் தேவைப்படவில்லை.

ஜூன் 5, வியாழன்

11-ம் கட்டில் அம்மா "நல்லா தூங்குறாங்க" என்றார்கள். எழுப்பினால் கண் திறக்கிறார், கேள்வி முடிவதற்குள் மூடிக்கொள்கிறார். இதுவும் டெலிரியம்தான். சத்தம் போடாததால் யாரும் டாக்டரைக் கூப்பிடுவதில்லை. நமக்கு இவர்கள் மேல்தான் கவலை அதிகம். சோடியம் 118, மிகவும் குறைவு. மெதுவாக ஏற்ற வேண்டும், 24 மணி நேரத்தில் ஏற்றம் 8-க்கு மேல் போகக் கூடாது. அவசரப்பட்டால் மூளைத்தண்டு கெடும்.

ஜூன் 6, வெள்ளி

6-ம் கட்டிலுக்கு ட்யூப் எடுத்தோம். தானாகப் போன சிறுநீர் 250, பையில் மிச்சம் 60 மி.லி. கிழமைகள் ஏழும் தலைகீழாக வந்தன. சாயங்காலம் இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறார். முழுதும் தெளிய வாரங்கள் ஆகலாம் என்று மகளிடம் சொல்லியாயிற்று. டிஸ்சார்ஜ் சீட்டில் சிவப்பு மையில்: குளோர்ஃபெனிரமின் கூடாது. கடையில் கேட்டதும் தரும் சளி மாத்திரைகள் பலவற்றில் அது கலந்திருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கச் சொன்னோம்.