ஹிட் பாட்டு ஓய்ந்த பிறகு

ஒரு காலத்தில் வானொலியில் ஓயாமல் ஒலித்த குரல், இன்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் உபயத்துக்கும் கல்யாண டின்னருக்கும் பாடுகிறது என்றால் ஊர் உச்சுக்கொட்டும். கொட்டட்டும். குரல் கொஞ்சம் தேய்ந்தாலும் பிழைப்பு ஓடும். பழைய காகிதமும் பென்டிரைவும் ஒழுங்காக இல்லையென்றால்தான் ஓடாது.

முதலில் காகிதம். பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டிய உரிமைத்தொகையை எம்ஏசிபி என்ற அமைப்பு வசூலிக்கிறது. பாடியவருக்கு ஆர்பிஎம், ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தமோ அவருக்கு பிபிஎம் என்று தனித்தனி அமைப்புகள். பாடியதோடு சரி என்றால் ஆர்பிஎம்மில் பதிந்தால் போதும். பாட்டில் பாதி வரி உங்களுடையது, ஆனால் கேசட் அட்டையில் வேறு பெயர் என்றால் பங்கு எத்தனை விழுக்காடு என்று எழுதி வாங்கிவிட்டு எம்ஏசிபிக்குப் போங்கள். மேடைப்பெயரையும் மைகார்டு அடையாள அட்டையில் உள்ள பெயரையும் சேர்த்தே பதியுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பணம் தேங்கும். 1987 பதிப்புரிமைச் சட்டம் பாடகரின் உரிமைக்கு 50 ஆண்டு தருகிறது. ஆக, 90களில் பாடியதெல்லாம் இன்னும் உங்கள் கணக்கில்தான்.

அடுத்தது மைனஸ் ஒன், அதாவது பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை டிராக். இருபத்தைந்து வயதில் பாடிய சுருதியில் ஐம்பதில் கத்த வேண்டாம். டிராக்கை இரண்டு அரைச்சுரம் இறக்கினால் யாருக்கும் தெரியாது. மூன்றுக்கு மேல் மென்பொருளில் இறக்கினால் டிரம்ஸ் பானையைத் தட்டுவது போல ஆகிவிடும். அதற்குக் கீபோர்டுக்காரரை வைத்துப் புதிதாக வாசித்து வாங்குவதே மேல். பென்டிரைவை எஃப்ஏடி32 (FAT32) முறையில் ஃபார்மட் செய்யுங்கள், பழைய மிக்சர்கள் பல மற்றதைப் படிக்காது. பாட்டுக்கு 01, 02 என்று எண் போட்டு, அதே மாதிரி இன்னொன்று சட்டைப்பையில் இருக்கட்டும். கைப்பேசியில் புளூடூத் வழியாக ஓட்டினால் சரணத்தின் நடுவில் யாராவது அழைப்பார்கள்.

கோயில் மண்டபத்துத் தகரக் கூரை தனித் தலைவலி. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்தால் ‘கீ…’ என்று ஊளையிடும். ஸ்பீக்கர் உங்களுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். சீரியல் லைட்டும் சவுண்டும் ஒரே ஜெனரேட்டரில் என்றால் மின்னழுத்தம் சரிந்து கீபோர்டு நடுப்பாட்டில் அணைந்துவிடும். அட்வான்ஸ் வாங்கும்போதே இதைக் கேட்டு வையுங்கள்.

ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் திருவிழா உண்டு. மார்கழியில் இரண்டும் மந்தம். கம்பெனி டின்னர் வேண்டுமென்றால் மலாய்ப் பாட்டு நான்கைந்தாவது கையில் வேண்டும். ஆலிகேட்ஸ் (Alleycats) இசைக்குழுவின் பாடகர் டேவிட் ஆறுமுகம் மலாய்ப் பாட்டால்தான் எல்லா இனத்து மேடையிலும் நின்றார்.

மந்த மாதங்களைத் தாங்குவது பாட்டு வகுப்புதான். ஆண் பாடகர்கள் பலர் தங்கள் சுருதியான ஒரு கட்டையையே (கீபோர்டில் C) வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். குரல் உடையாத பிள்ளைகளுக்கு அது பாதாளம். அதையே ஒரு ஸ்தாயி மேலே எட்டிப் பிடிக்கப் போய்த் தொண்டை கட்டும். ஐந்து, ஐந்தரைக் கட்டைக்கு மாற்றுங்கள், ஒரு வகுப்புக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். வாரக் காசு என்றால் மழை பெய்யும் வாரத்தில் வராது. மூன்று மாதத்தில் மேடை கேட்கும் பெற்றோருக்கு முதல் நாளே ‘முடியாது’ என்று சொல்லிவிடுவது நல்லது.

வகுப்பு தொடங்கிய 30 நாளுக்குள் வணிகங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும்: சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. அப்படியே சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான ஊழியர் சேமநிதித் திட்டமான ஐ-சாரானிலும் சேருங்கள். 2025 முதல் நீங்கள் போடும் தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசாங்கம் சேர்க்கிறது. முழுதாகப் பெற 2,500 போட வேண்டும். கல்யாண சீசனில் கை நிறையும்போதே போட்டுவிடுங்கள்.